கம்பவுண்டர் கட்டின மலைப் பொட்டலம்

கம்பவுண்டருக்கு ஒரு வியாதி உண்டு. ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மனுஷனுக்கு அந்த வியாதிக்கு மட்டும் மாத்திரை அகப்படல. எதிர்ல யார் வந்து நின்னாலும் மூஞ்சியைப் பார்க்க மாட்டாரு, கண்ணுக்குக் கீழ இருக்கிற இமையைத்தான் பார்ப்பாரு. கட்டை விரலால அதை இழுத்து உள்ள எட்டிப் பார்த்துட்டு, "ரத்தம் கம்மியா இருக்கே"ம்பாரு. சிலிண்டர் தூக்கிட்டு வந்தவன், மீட்டர் பார்க்க வந்தவன், பாவம் வழி கேட்க நின்னவன், ஒருத்தனும் தப்பினது இல்ல. ரத்தம் கம்மின்னா அவருக்குத் தெரிஞ்ச காரணம் ஒண்ணே ஒண்ணுதான், வயித்துல பூச்சி. உடனே சட்டைப் பையில கைய விட்டு மாத்திரைக் கவரை எடுத்துடுவாரு. கண்ணாடி இல்லாம வெளிய போயிருக்காரு, ஒரு தடவை பொண்டாட்டி செருப்பை மாட்டிக்கிட்டே போயிருக்காரு. பூச்சி மாத்திரை இல்லாம மட்டும் வாசல் தாண்டினதே கிடையாது.

முப்பத்தொரு வருஷமா ஒரே டாக்டர்கிட்ட வேலை. டாக்டர் உள் ரூம்ல, இவரு வெளி ரூம்ல, நடுச் சுவத்துல கை நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை. சீட்டு அந்த ஓட்டை வழியா வரும். இவரு ஸ்டூல்ல உக்காந்தபடியே அலமாரியிலேருந்து மாத்திரையை எண்ணி, பழுப்புக் கவர்ல போட்டு, காலை மதியம் இரவுன்னு அச்சடிச்ச இடத்துல கோடு கிழிச்சு, வாயை மூணு மடிப்பு மடிச்சுக் கொடுப்பாரு. அந்த மடிப்பைச் சும்மா சொல்லக்கூடாது, தலைகீழாப் புடிச்சு உதறினாலும் ஒண்ணு கீழ விழாது. டாக்டருக்கு உள்ள பேச நேரம் இருக்காது. வந்தவங்க எல்லாம் வெளிய வந்து இவரைத்தான் கேப்பாங்க, "இது எதுக்குங்க, அது எப்ப போடணுங்க"ன்னு. அதுல ஏறின தலைக்கனம்தான் எல்லாத்துக்கும் காரணம். தான் முக்கால் டாக்டர்னு ஒரு நெனப்பு. மிச்சம் கால் எங்க போச்சுன்னு பொண்டாட்டி கேட்டா மட்டும் காது கேக்காது.

அந்த நெனப்புதான் மாப்பிள்ளை விஷயத்துல மனுஷனைக் குப்புறத் தள்ளிச்சு.

ஒரே மக. அவளைக் கட்டினவன் லிப்ட் ரிப்பேர் பண்றவன். வாரத்துல ஆறு நாளு, ஊர்ல எவனும் படி ஏறிக் கஷ்டப்படக்கூடாதுன்னு பாடுபடுவான். ஏழாவது நாளு ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கிட்டு மலை மலையா ஏத்தி விடுவான். அந்த ஒரு கிறுக்கைத் தவிர்த்துப் பார்த்தா நல்ல பையன். குடி கிடையாது, பொய் கிடையாது, பேச்சுகூட ரொம்பக் கிடையாது.

கல்யாணம் முடிஞ்ச மறுநாள் விருந்து. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க, கூட வேலை செய்யிறவங்க, எல்லாரும் வரிசையா உக்காந்து சாப்பிடுறாங்க. நம்ம கம்பவுண்டர் எல்லாரையும் கவனிக்கிறேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா குனிஞ்சு குனிஞ்சு வந்தாரு. மாப்பிள்ளைகிட்ட வந்து குனிஞ்சவரு நிமிரவே இல்ல. கட்டை விரல் தானாப் போயிடுச்சு. இமையை இழுத்தாரு. "என்ன மாப்பிள்ளை, இப்படி வெளுத்துக் கெடக்கு"ன்னாரு. அத்தோட விட்டிருந்தா பாசம்னு சொல்லி மூடியிருக்கலாம். பையில கை விட்டாரு. எத்தனை பேரு பார்க்கிறாங்க, என்ன ஏதுன்னு ஒரு யோசனை இல்லாம மாத்திரையை உள்ளங்கையில வெச்சு, தண்ணி டம்ளரைக் கையில திணிச்சு, மென்னு முழுங்குற வரைக்கும் பக்கத்துலயே நின்னாரு. அப்புறம் சொன்னாரு பாரு ஒரு வார்த்தை.

"வாயைத் திறங்க, முழுங்கிட்டீங்களான்னு பார்க்கிறேன்."

அவனும் புது மாப்பிள்ளை, மரியாதைக்குத் திறந்து காட்டினான். அன்னிலேருந்து வேலை செய்யிற எடத்துல அவன் பேரு பூச்சி. அம்மா அப்பா வெச்ச பேரு சம்பளச் சீட்டுல மட்டும்தான் இருக்கு. "பூச்சி, நாலாவது மாடி லிப்ட் நின்னுடுச்சு"ன்னுதான் போன் வரும்.

ரெண்டு வருஷம் ஆச்சு. மாப்பிள்ளை இந்த வீட்டுப் படி ஏறல. மகளைக் கொண்டு வந்து கேட்டுல இறக்கி விடுவான், வண்டியை அணைக்க மாட்டான். அரை மணி நேரம் கழிச்சு வந்து ஆரன் அடிப்பான். அவளும் குடிச்ச டம்ளரை அப்படியே வெச்சுட்டு ஓடுவா. சண்டையும் இல்ல, சத்தமும் இல்ல. சண்டைன்னா கம்பவுண்டரும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பாரு. ஆரனுக்கு என்னன்னு பதில் சொல்றது? அந்த மனுஷன் ஆசைப்பட்டதெல்லாம் ஒண்ணுதான். வண்டியை அணைச்சுட்டு உள்ள வந்து உக்காந்து "மாமா"ன்னு ஒரு வார்த்தை. ரெண்டு எழுத்து. அதுக்கு ரெண்டு வருஷமா கேட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. எத்தனை பேரு வயித்துப் பூச்சியைக் கொன்னவரு, தன் வயித்துல அரிக்கிறதை ஒண்ணும் பண்ண முடியல.

ஒரு வியாழக்கிழமை மக வந்தா. உக்காரவே இல்ல.

"ப்பா, ஞாயித்துக்கிழமை நீயும் மலைக்கு வா."

"அவரு கூப்பிட்டாரா?"

"நான் கூப்பிடுறேன்."

"அவரு கூப்பிட்டாரான்னு கேட்டேன்."

"உன்னைக் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன். வேணாம்னு சொல்லல."

"வேணாம்னு சொல்றதுக்கும் வாயைத் திறக்கணுமேடி"ன்னா அம்மாக்காரி சமையல் ரூம்லேருந்து. "திறந்தா உங்கப்பா உள்ள எட்டிப் பார்ப்பாருன்னு பயம்."

மக அதைக் கண்டுக்கல. விஷயம் என்னன்னா, அந்தக் கூட்டத்துக்குத் தீனி கலந்து கொண்டு வர்ற தையல்காரர் கால் சுளுக்கிப் படுத்துட்டாரு, இந்த வாரம் அது அப்பா பொறுப்பு. டிரெயில் மிக்ஸ்னு அதுக்குப் பேரு. கடலை, பாதாம், முந்திரி, பூசணி விதை, சூரியகாந்தி விதை, திராட்சை, பேரீச்சை, கொஞ்சம் சாக்லேட். எல்லாத்தையும் கலந்து பையில போட்டுக்கிட்டா, நடக்க நடக்க ஒரு கை அள்ளி வாயில போட்டுக்கலாம். அடுப்பு வேணாம், தட்டு வேணாம், கெட்டும் போகாது, காலுக்கும் தெம்பு.

"கொறிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல பேரு வெச்சா கடலைக்கே மரியாதை வந்துடுது"ன்னா அம்மாக்காரி.

"ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கப்பா. அவருக்குத் திராட்சை ஆகாது. ஒண்ணு இருந்தாக்கூட அந்தப் பக்கமே போக மாட்டாரு. இன்னொண்ணு, ரத்தம்ங்கிற வார்த்தை உன் வாயில வரவே கூடாது."

"திராட்சைதாம்மா முக்கியம், அதுலதான் ரத்தம் ஊற..."

"அப்பா."

"சரி சரி."

வெளிய ஆரன் அடிச்சுச்சு.

சனிக்கிழமை கிளினிக் அரை நாள்தான். மத்தியானம் கம்பவுண்டர் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அடுப்பு முன்னாடி நின்னாரு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவரு அடுப்புப் பக்கம் வந்தது நெருப்புப் பெட்டி எடுக்க மட்டும்தான். பொண்டாட்டி ஒரு முறம் பூண்டை எடுத்து வெச்சு உரிச்சுக்கிட்டே வாசப்படியில உக்காந்தா. வேடிக்கை பார்க்க அதை விட நல்ல எடம் வீட்டுல கிடையாது.

எல்லாத்தையும் ஒரே வாணலியில கொட்டினாரு. பாதாம் சூடு ஏறுறதுக்குள்ள விதையெல்லாம் கரிஞ்சு பொட்டுப் பொட்டா வெடிச்சு எகிறுச்சு. இறக்கின சூட்டோட திராட்சையைப் போட்டாரு, சாக்லேட்டைப் போட்டாரு, டப்பாவுல கொட்டி இறுக்கி மூடினாரு. கையைத் தட்டிக்கிட்டு, "முடிஞ்சுது, இதுக்கு இவ்வளவு பேச்சா"ன்னாரு. கால் மணி நேரம் கழிச்சுத் திறந்தா, மூடியில வேர்த்து ஊத்துது. கடலை நமுத்துப் போச்சு. சாக்லேட் உருகி எல்லாத்தையும் கட்டிப் புடிச்சுக்கிட்டு, ஒரே உருண்டையா, கதவுக்கு அண்டை கொடுக்கிற கல்லு மாதிரி கெடக்கு.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"முக்கால் டாக்டருக்கு நான் என்னத்தைச் சொல்றது."

அப்புறம் அவளே எழுந்து வந்தா. இல்லன்னா மறுநாள் மலை மேல கல்லைத்தான் சுமந்துக்கிட்டுப் போகணும். ஒவ்வொண்ணா தனியா வறுக்கச் சொன்னா. பாதாமுக்கு நேரமாகும், முந்திரி சட்டுனு செவக்கும், விதையைத் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள எடுத்துடணும். வறுத்ததுல சூடா இருக்கிறப்பவே உப்பைத் தூவினா, மலை ஏறினா வேர்க்குமேன்னு. பேப்பர்ல பரப்பி பேன் கீழ வெச்சு, உள்ளங்கையில அள்ளினா ஜில்லுன்னு இருக்கிற வரைக்கும் தொடக்கூடாதுன்னா. அவரு நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்த் தொட்டுப் பார்த்தாரு, காய்ச்சக்காரன் நெத்தியைத் தொடுற மாதிரி. நல்லா ஆறினதுக்கு அப்புறம்தான் திராட்சை, பொடியா நறுக்கின பேரீச்சை. சாக்லேட்டுக்கு, மேல சர்க்கரை ஓடு போட்ட குட்டிக் குட்டிப் பொத்தான் சாக்லேட் வாங்கிட்டு வரச் சொன்னா. அது வெயில்ல ஒழுகாது. அதைப் பார்த்ததும் மனுஷன் முகம் மலர்ந்துடுச்சு. "மாத்திரை மாதிரியே இருக்கே"ன்னாரு.

ஆனா அந்த மனுஷன் மூளையும் ஒரு எடத்துல வேலை செஞ்சுது, இல்லன்னு சொல்லக்கூடாது. டப்பாவைக் குலுக்கி மேல ஒரு கரண்டி அள்ளினாரு, எல்லாம் முந்திரியும் பாதாமும். அடியில அள்ளினாரு, விதையும் உப்பும்தான். "இதைப் பொதுவாச் சுத்த விட்டா முதல்ல வர்றவன் முந்திரியை அள்ளிடுவான், கடைசி ஆளுக்கு உப்புத்தான்"னாரு. அலமாரியிலேருந்து கிளினிக் கவர்க் கட்டை எடுத்தாரு. அதுல பெரிய சைஸ் கவரா பதினாறு பொறுக்கினாரு. பதினாறு பேரு, பதினாறு கவர். தலைக்கு அஞ்சு பாதாம், நாலு முந்திரி, இருபது கடலை, ஒம்போது திராட்சை, ஆறு சாக்லேட், விதை ரெண்டு சிட்டிகை. எண்ணி எண்ணிப் போட்டு, மூணு மடிப்பு மடிச்சு, மேல காலைக்கு நேரா கோடு போட்டு, "ஒரு மணி நேரம் நடந்த பின். மென்று சாப்பிடவும்"னு எழுதினாரு. இருபத்தொண்ணு கடலை விழுந்த கவர்லேருந்து ஒண்ணைத் திருப்பி எடுத்தாரு. அவ தலையில அடிச்சுக்கிட்டா.

மாப்பிள்ளை கவரைக் கடைசியாப் போட்டாரு. திராட்சை எடம் காலி. அதுக்குப் பதிலா ஏழு முந்திரி. எல்லாம் முடிஞ்சுது, மடிக்க வேண்டியதுதான். ஆனா விரல்ல ஒரே ஒரு திராட்சையை எடுத்து கவருக்கு மேல புடிச்சுக்கிட்டே நின்னாரு.

"போடுங்க, போட்டுத்தான் பாருங்க"ன்னா அவ, பூண்டுலேருந்து கண்ணை எடுக்காமலே.

அந்தத் திராட்சையைத் தன் வாயில போட்டுக்கிட்டாரு. கவர் மேல "மாப்பிள்ளைக்கு. திராட்சை கிடையாது"ன்னு எழுதி, மத்ததோட கலந்துடக்கூடாதுன்னு தனியா, ஆணியில தொங்கின சட்டையோட பையில வெச்சாரு. அந்தப் பையில எப்பவும் இருக்கிற இன்னொரு கவரும் இருந்துச்சு. இருந்துச்சுன்னா, அன்னைக்குன்னு பார்த்து அதுவும் கொழுத்து இருந்துச்சு. பதினாறு பேரு வர்றாங்க, எத்தனை பேருக்கு ரத்தம் கம்மியோன்னு எட்டு மாத்திரையா வெச்சிருந்தாரு. வாயால சொல்லக்கூடாதுன்னுதானே மக சொன்னா, பையில வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லலையே.

ஞாயித்துக்கிழமை விடியக்காலையில கிளம்பினாங்க. பொண்டாட்டி வரல. "எனக்கு மொட்டை மாடி போதும்"னுட்டா.

முப்பத்தொரு வருஷம் ஸ்டூல்ல உக்காந்த காலு மலையைப் பார்த்ததும் என்ன செய்யும், அதுதான் செஞ்சுது. அரை மணி நேரத்துல முழங்கால் கெஞ்ச ஆரம்பிச்சுடுச்சு. அதை விடக் கஷ்டம் கைக்குத்தான். முன்னாடி பாங்க்குல வேலை பார்க்கிற ஒரு அம்மா மூச்சு வாங்கிட்டுத் திரும்பிச் சிரிக்குது, கண்ணுக்குக் கீழ வெள்ளை வெளேர்னு இருக்கு. பக்கத்துல ஒரு தாடிக்காரன், அவனும் அப்படித்தான். கம்பவுண்டர் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டாரு. பார்க்கிறவங்க என்னமோ பெரிய ஞானி நடந்து போறாருன்னு நெனச்சுக்கிட்டாங்க.

மாப்பிள்ளை முன்னால போறான். ஒரு தடவை திரும்பிப் பார்க்கல. ஆனா இவரு எப்பெல்லாம் ரொம்பப் பின்தங்குறாரோ, அப்பெல்லாம் நின்னு குனிஞ்சு ஷூ கயிறைக் கட்டினான். இவரு வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பான். அன்னைக்கு அந்தக் கயிறை எத்தனை தடவை கட்டினான்னு கணக்கே இல்ல. மக அதைக் கவனிச்சுட்டா. கம்பவுண்டருக்கு எங்க அதெல்லாம் புரியப்போவுது, "நல்ல ஷூவா வாங்கக்கூடாதா இந்தப் புள்ள"ன்னு முணுமுணுத்துக்கிட்டாரு.

உச்சியில ஒரு அகலப் பாறை. எல்லாரும் மல்லாந்து கிடந்தாங்க. கம்பவுண்டர் பையைத் திறந்து கவரை ஒவ்வொருத்தருக்கா கொடுத்தாரு. சிரிப்புக் கிளம்பிடுச்சு.

"சார், இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"ன்னான் தாடிக்காரன்.

"எழுதியிருக்கு, படிங்க"ன்னாரு கம்பவுண்டர், கிளினிக்ல சொல்ற அதே குரல்ல.

பாங்க்கு அம்மா கவருக்குள்ள பார்த்துட்டு, "நாலு முந்திரி. ரெண்டு வருஷமா இந்தக் கூட்டத்துல நடக்கிறேன், முந்திரியை இன்னைக்குத்தான் கண்ணால பார்க்கிறேன்"னுச்சு. தையல்காரர் அப்படியே படுத்துக் கிடக்கட்டும்னு ஒருத்தர் சொன்னாரு. கம்பவுண்டருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துச்சு.

கடைசியா மாப்பிள்ளை. அவன்கூட லிப்ட் வேலை பாக்குற ஒருத்தன் சும்மா இருக்கானா, "பூச்சி, உனக்கு என்ன டோஸுடா?"ன்னான். எல்லாரும் பொசுக்குனு சிரிச்சாங்க. மாப்பிள்ளை முகத்தை அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டே கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்டினான்.

நீட்டினானே, அதுவே பெருசு. கம்பவுண்டருக்கு அதைப் பார்த்ததும் ஒரே அவசரம். கண்ணாடியில வேர்வை, மூச்சும் இன்னும் அடங்கல. சட்டைப் பையில விட்ட விரல்ல முதல்ல எது தட்டுச்சோ அதை எடுத்து அவன் கையில வெச்சாரு.

அவன் பார்க்காமலே பிரிச்சு உள்ளங்கையில கொட்டி, வாய்கிட்ட கொண்டு போனான். போனவன் நின்னான். உள்ளங்கையில எட்டு வெள்ளை மாத்திரை.

மென்னுக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் நிறுத்திட்டாங்க. மக கண்ணை மூடிக்கிட்டா. மாப்பிள்ளை காது ரெண்டும் செவந்து போச்சு. கம்பவுண்டர் முகத்துல ஈ ஆடல.

கவர் மாறிடுச்சுன்னு சொல்லலாம். சத்தியமா மாறித்தான் போச்சு. ஆனா யார் நம்புவா? கட்டின பொண்டாட்டி நம்ப மாட்டா. வாயைத் திறந்தா ரத்தம்ங்கிற வார்த்தை வேற முந்திக்கிட்டு வந்துடும். அவரு வாழ்க்கையில முதல் தடவையா ஒண்ணும் விளக்கம் சொல்லல. இன்னும் கிட்டப் போனாரு. மாப்பிள்ளை உள்ளங்கையிலேருந்து ஒரு மாத்திரையை எடுத்தாரு. தன் வாயில போட்டுக் கரக் கரக்குனு மென்னாரு. சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கும் அது. ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்தவரு, அன்னைக்குத்தான் ருசி தெரிஞ்சுக்கிட்டாரு. தண்ணியில்லாம கஷ்டப்பட்டு முழுங்கினாரு. அப்புறம் பதினஞ்சு பேரு பார்க்க, தலையை அண்ணாந்து வாயை ஆவுனு திறந்தாரு.

"பாருங்க மாப்பிள்ளை. முழுங்கிட்டேன்."

முதல்ல பாங்க்கு அம்மாதான் களுக்குனுச்சு. மத்தவங்க அடக்கப் பார்த்தாங்க, முடியல. கம்பவுண்டர் அதுக்கெல்லாம் திரும்பல. மிச்சம் ஏழு மாத்திரையையும் வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, அங்க இருந்த இன்னொரு கவரை எடுத்துக் கொடுத்தாரு. மாப்பிள்ளை வாங்கி மேல எழுதினதைப் படிச்சான். மாப்பிள்ளைக்கு, திராட்சை கிடையாது. பிரிச்சுப் பார்த்தான். ஏழு முந்திரி. பக்கத்துல இருந்தவன் கவரை எட்டிப் பார்த்தான், அதுல நாலு.

அப்புறம் எழுந்து நின்னான். கட்டை விரலை மாமனார் கண்ணுக்குக் கீழ வெச்சு இமையை இழுத்தான். உள்ள நல்லா எட்டிப் பார்த்தான்.

"ரத்தம் கம்மியாத்தான் இருக்கு, மாமா. இன்னொண்ணு போடுங்க."

பாறையே குலுங்குற மாதிரி சிரிச்சாங்க. கம்பவுண்டர் காதுல நடுவுல வந்த ஒரு வார்த்தைதான் விழுந்துச்சு. ஆனாலும் பழக்கம் விடுமா, "ஆறு மாசத்துக்கு ஒண்ணுதான் மாப்பிள்ளை, கணக்கு இருக்கு"ன்னாரு. இறங்குறப்ப அந்த லிப்ட்டுக்காரன் அவருக்குப் பெரிய பூச்சின்னு பேரு வெச்சுட்டான். மனுஷன் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கிட்டாரு.

சாயங்காலம் கேட்டுகிட்ட வண்டி வந்து நின்னுச்சு. அணைஞ்சுது. உள்ள இருந்த பொண்டாட்டி, வண்டி ரிப்பேர் போலன்னு நெனச்சு எட்டிப் பார்த்தா. மாப்பிள்ளை படி ஏறிக்கிட்டு இருக்கான். அவளுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மீந்து கிடந்த கலவையை ஒரு தட்டு நிறையக் கொட்டி முன்னால வெச்சுட்டா, திராட்சையோட. மக கண்ணால ஜாடை காட்டினா, அவ பார்த்தாத்தானே.

மாப்பிள்ளை கடலையை எடுத்துத் தின்னுக்கிட்டே, திராட்சையை ஒவ்வொண்ணா பொறுக்கித் தட்டு ஓரத்துல வரிசையா வெச்சான். எதிர் நாற்காலியில கம்பவுண்டர் அதையே பார்க்கிறாரு. ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வெச்சு மேல உக்காந்துக்கிட்டாரு. நாக்கு நுனி வரைக்கும் வந்த வார்த்தையை மென்னுக்கிட்டு வாய் மட்டும் லேசா அசையுது.

"என்னங்க, வாயில என்ன?"ன்னா பொண்டாட்டி.

"ஒண்ணுமில்ல."

ரெண்டு மணி நேரம் இருந்துட்டுத்தான் போனாங்க. பேசினது என்னவோ ஏதோ ஒரு லிப்ட்டு மோட்டாரைப் பத்தி. கம்பவுண்டருக்கு ஒரு எழவும் புரியல, எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. வண்டிச் சத்தம் தெருக்கோடி தாண்டினதும் தட்டை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாரு. ஓரத்துல பதினோரு திராட்சை. ஒவ்வொண்ணா எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு.

"யாருக்காவது ரத்தம் ஊறட்டும்"னு சொல்லிட்டு, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாரு. ஏழு இருந்துச்சு.